மறுமணம் ஆனாலும் பிள்ளையின் பணம் பிள்ளைக்குத்தான்

மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் எங்கள் வீட்டுக்கு ஒரு தொகை வர வேண்டும். பத்தாம் தேதிக்குள் எங்கள் வீட்டிலிருந்து ஒரு தொகை போக வேண்டும். வருவது, என் மகளுக்காக அவளைப் பெற்ற தகப்பனார் கட்டும் ஜீவனாம்சம். போவது, சோழவந்தானில் தன் தாயோடு வளரும் மகனுக்காக என் இரண்டாவது கணவர் கட்டுவது. "அதுதான் மறுமணம் ஆகிவிட்டதே, இன்னும் எதற்குப் பணம்?" என்ற கேள்வி என்னை நோக்கியும் வந்திருக்கிறது, என் வீட்டுக் கூடத்தில் இன்னொரு பெண்ணைப் பற்றியும் எழுந்திருக்கிறது. இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. உறவுக்காரர்கள் கூடிப் பேசும் இடங்களில்தான் அது யாருக்கும் தெரிவதில்லை.

நான் மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். முதல் திருமணம் முறிந்தபோது மகளுக்கு ஐந்து வயது. 2014இல் குடும்ப நல நீதிமன்றத்தில் உத்தரவு வந்தது. எனக்கு மாதம் 3,000 ரூபாய், மகளுக்கு 3,500 ரூபாய். இப்படித் தனித்தனியாகக் கேட்க வைத்தவர் இலவச சட்ட உதவியில் எனக்குக் கிடைத்த வக்கீல் அம்மா. "இருவருக்கும் சேர்த்து 6,500 என்று கேட்காதே. உன் பங்கு வேறு, பிள்ளையின் பங்கு வேறு. நாளைக்கு உன் வாழ்க்கை மாறலாம், பிள்ளையின் பசி மாறாது" என்றார். அவர் போட்டுக்கொடுத்த அந்த இரண்டு வரிகள்தான் பின்னாளில் என்னைக் காப்பாற்றின. மொத்தத் தொகையாக உத்தரவு வாங்கியவர்கள் மறுமணத்துக்குப் பிறகு, இதில் பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று நிரூபிக்க மறுபடியும் ஒரு மனு போட்டு அலைகிறார்கள். இன்று புதிதாக மனு எழுதும் எந்தப் பெண்ணிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீலைத் தருகிறது. சம்பளம் வாங்கும் பெண்ணும் கேட்கலாம். மாவட்ட நீதிமன்றத்தை ஒட்டி இயங்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் வழி கேட்கலாம்.

2018இல் திருப்பரங்குன்றம் கோயிலில் என் இரண்டாவது திருமணம் நடந்தது. அவருக்கும் அது இரண்டாவதுதான். அவனியாபுரத்தில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறார். திருமணம் முடிந்த கையோடு, எனக்கு மறுமணம் ஆகிவிட்டது, என் பங்கான 3,000 ரூபாய் இனி வேண்டாம், மகளின் தொகை மட்டும் தொடர வேண்டும் என்று வக்கீல் அம்மா வழியாக நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தேன். விவாகரத்தான பெண் மறுமணம் செய்துகொண்டால் அவளுக்கான உத்தரவு மறுமண நாளிலிருந்து ரத்தாகும் என்று அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127ஆம் பிரிவு சொன்னது. அது நியாயம் என்றே நினைக்கிறேன். மறுமணத்தை மறைத்துத் தன் பங்கை வாங்கிக்கொண்டிருந்தால், அது வெளிவரும் நாளில் பிள்ளையின் வழக்கும் சேர்ந்து பலவீனப்படும்.

ஆனால் அந்தப் பிரிவில் பிள்ளையின் தொகை ரத்தாகும் என்று ஒரு வார்த்தைகூடக் கிடையாது. தாய் யாரை மணந்தாலும் தகப்பன் தகப்பன்தான். பெற்ற கடமை மறுமணத்தால் இன்னொருவர் தலைக்கு மாறிவிடாது. என் கணவர் என் மகளைப் பள்ளியில் கொண்டுவிடுகிறார், காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருக்கிறார். அதெல்லாம் அவர் மனசு. சட்டப்படி அவர்மேல் அவளைப் பராமரிக்கும் கடமை ஏறவில்லை.

முதல் கணவர் இரண்டு தொகையையும் சேர்த்தே நிறுத்திவிட்டார். கேட்டதற்குப் பதில் இல்லை. சில வாரம் கழித்து அவருடைய சித்தப்பா, ஊரில் பெரிய மனிதர் என்று பெயரெடுத்த இருவரோடு என் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் 20 ரூபாய் முத்திரைத் தாள். ஏற்கெனவே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார்கள். "நாளது தேதியில் ரொக்கம் ரூபாய் ஐம்பதாயிரம் பெற்றுக்கொண்டேன். இனி மேற்படி பெண் குழந்தையின் படிப்பு, மருத்துவம், திருமணம் உள்ளிட்ட எந்தச் செலவுக்கும் மேற்படியாரிடம் நானோ என் வாரிசுகளோ கேட்க மாட்டோம்" என்று இருந்தது. என் பெயருக்குக் கீழே கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள். மகளின் பெயர் அந்தத் தாளில் எங்குமே இல்லை, 'மேற்படி பெண் குழந்தை' என்று மட்டும்தான்.

"தாயி, உனக்கும் ஒரு குடும்பம் அமைந்துவிட்டது, அவனும் நாளைக்கு ஒருத்தியைக் கட்டத்தானே போகிறான், ஒரேயடியாகத் தீர்த்துக்கொள்வோம்" என்றார் சித்தப்பா. அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அப்போது கடன் இருந்தது; ஐம்பதாயிரம் பெரிய தொகை. நான் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். ஒருவேளை போட்டிருந்தாலும் அது பிள்ளையைக் கட்டுப்படுத்தாது என்று வக்கீல் அம்மா பிறகு விளக்கினார். ஜீவனாம்சம் பிள்ளையின் உரிமை. தாய் தன் உரிமையை விட்டுக்கொடுக்கலாம், பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. பரஸ்பர சம்மத விவாகரத்தில் 'முழுவதும் பைசல்' என்று எழுதிக் கொடுத்தவர்கள்கூட, பிள்ளைக்காகப் பிறகு மனுப் போட முடியும். ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டால் வழக்கு நீளும். எதிர்த்தரப்பு அந்தத் தாளை ஒவ்வொரு வாய்தாவிலும் எடுத்து நீட்டும். அதனால் உறவுக்காரர்கள் நீட்டும் எந்தத் தாளையும் வக்கீலுக்குக் காட்டாமல் தொடாதீர்கள்.

வசூல் மனு போட்டோம். இங்கே ஒரு காலக்கெடு இருக்கிறது. நிலுவையை வாரண்ட் மூலம் வசூலிக்க, தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். 'இன்று தருவார், நாளை தருவார்' என்று இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்திருந்து வருகிற பெண்களை நீதிமன்றத் தாழ்வாரத்தில் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். ஓராண்டைத் தாண்டிய நிலுவை அடியோடு போய்விடாது. 2013இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், அந்தக் கெடு வாரண்ட் வழிக்கு மட்டும்தான், பழைய நிலுவையை உரிமையியல் வழியில் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது சுற்றுவழி. எளிய வழி கையில் இருக்கும்போதே மனுப் போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். இரண்டு மாதம் வரவில்லை என்றாலே போடலாம். மொத்தமாகச் சேரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

வழக்குக்கு நான் கொண்டுபோனது பெரிய கட்டு ஒன்றுமில்லை. உத்தரவின் சான்றிட்ட நகல், மகளின் பிறப்புச் சான்று, வங்கிப் பாஸ்புக். பாஸ்புக்கில் அவர் கட்டிய மாதங்களை மஞ்சள் மையாலும், கட்டாத மாதங்களை ஓரத்தில் பென்சிலாலும் குறித்து, தனித்தாளில் மாதம், வர வேண்டியது, வந்தது, பாக்கி என்று நாலு பத்தி போட்டு எழுதியிருந்தேன். கடையில் தினமும் செய்கிற வேலைதான். வக்கீலின் குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு அப்படியே மனுவோடு இணைத்துவிட்டார். நீதிபதியும் அந்தத் தாளைத்தான் கையில் வைத்துக்கொண்டு விசாரித்தார். அத்தனை பேருடைய வழக்கையும் ஒரே காலையில் பார்க்க வேண்டியவருக்குக் கதையைவிடக் கணக்கு உதவுகிறது.

எதிர்த்தரப்பு சொன்ன பதில் நான் எதிர்பார்த்ததுதான். மனுதாரருக்கு மறுமணம் ஆகிவிட்டது, இரண்டாவது கணவருக்குச் சொந்தப் பட்டறை இருக்கிறது, குழந்தை அங்கே வசதியாக இருக்கிறது. நீதிபதி கேட்டார்: "தொகையை மாற்றச் சொல்லி நீங்கள் மனுப் போட்டிருக்கிறீர்களா?" இல்லை என்றார்கள். "அப்படியானால் பழைய உத்தரவு நடப்பில் இருக்கிறது, நிலுவையைக் கட்டுங்கள்" என்றார். அவ்வளவுதான். நோட்டீசுக்கும் வாய்தாவுக்கும் பிறகு வாரண்ட் போகும் என்ற நிலை வந்ததும், நீதிமன்றத்திலேயே பாதியைக் கட்டி, மீதிக்குத் தவணை கேட்டார்.

நீதிபதி கேட்ட அந்த ஒரு கேள்வி கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்குமே முக்கியமானது. உத்தரவு இருக்கும்வரை தொகை ஏறிக்கொண்டேதான் இருக்கும். வேலை போனது, புதுக் குழந்தை பிறந்தது, அவளுக்குக் கல்யாணம் ஆனது, எதுவாக இருந்தாலும் நீதிமன்றம் மாற்றும் வரை பழைய தொகைதான் கடன். போதிய காரணம் இல்லாமல் கட்டத் தவறினால், கட்டாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. சிறைக்குப் போய்வந்தால் கடன் தீர்ந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. தீராது. 1988லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது: சிறை என்பது கட்ட வைப்பதற்கான வழி, கட்டியதற்குச் சமம் அல்ல.

சட்டப் பிரிவுகளின் எண்கள் இப்போது மாறிவிட்டன. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததால், ஜீவனாம்சம் கேட்கும் பழைய 125ஆம் பிரிவு இப்போது 144. தொகையை மாற்றக் கேட்கும் 127ஆம் பிரிவு இப்போது 146. நீதிமன்ற வளாகத்தில் இன்னும் எல்லோரும் '125 கேஸ்' என்றுதான் சொல்கிறார்கள். மனுவில் சரியான எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கணவரும் மறுமணம் செய்துகொண்டார். 2020இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அடுத்த ஆண்டு, இந்த முறை முறைப்படியே, என் மகளின் 3,500 ரூபாயை 1,500 ஆகக் குறைக்கக் கேட்டு மனுப் போட்டார். காரணங்கள்: புது மனைவி, கைக்குழந்தை, வீட்டுக் கடன், வயதான தாய். அவர் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மேற்பார்வையாளர்.

நோட்டீசைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்த மனு அநியாயம் என்று சொல்ல மாட்டேன். புதிதாகப் பிறந்த குழந்தையும் குழந்தைதான்; அதற்கும் அவர்தான் தகப்பன். 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் மாதம் 23,000 ரூபாய் ஜீவனாம்சத்தை 20,000 ஆகக் குறைத்தது. கணவர் மறுமணம் செய்து அவருக்கு ஒரு குழந்தையும் இருப்பதை அதற்குக் காரணமாகச் சொன்னது. அது மனைவிக்கும் மகனுக்குமான தொகை தொடர்பான வழக்கு. அந்தத் தீர்ப்பில் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் என்ற அளவும் பேசப்படுகிறது. ஆனால் அதை எல்லா வழக்குக்கும் பொருந்தும் வாய்ப்பாடாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கவனிக்க வேண்டியது வேறு: புதுக் குடும்பம் வந்ததால் தொகை கொஞ்சம் குறைந்ததே தவிர, இல்லாமல் போகவில்லை. மறுமணம் தகப்பனின் கடமையைப் பங்கிடும், அழிக்காது.

எங்கள் பக்கத்திலும் சூழ்நிலை மாறியிருந்தது. 2014இல் பாலர் வகுப்பில் இருந்தவள் 2021இல் ஏழாம் வகுப்பு. பள்ளிக் கட்டணம், பஸ், கண்ணாடி, பல்லுக்குக் கம்பி கட்டியது எல்லாம் சேர்ந்திருந்தது. அவருடைய மனுவுக்குப் பதில் போட்டதோடு நிற்காமல், தொகையை உயர்த்தக் கேட்டு நாங்களும் தனி மனுப் போட்டோம். இது பலருக்குத் தெரிவதில்லை. குறைக்கக் கேட்கிற அதே பிரிவுதான் கூட்டக் கேட்பதற்கும். பிள்ளை வளர்வதே ஒரு சூழ்நிலை மாற்றம்.

இந்தக் கட்டத்தில் பெரிதும் உதவியது 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் அளித்த தீர்ப்பு. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன், தங்களை நம்பியிருப்பவர்கள் விவரம் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும் என்று அது விதித்தது. ஜீவனாம்சம் மனுப் போட்ட நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அவர் வாக்குமூலத்தில் சம்பளத்தைக் குறைவாகவும், கடன் தவணைகளைப் பக்கம் பக்கமாகவும் காட்டியிருந்தார். கம்பெனியிடமிருந்து சம்பளச் சான்று வரவழைக்கக் கேட்டோம். வந்தது. அவர் சொன்னதற்கும் அதற்கும் நல்ல இடைவெளி. தவணைகளில் ஒன்று கார் கடன். தன் விருப்பத்துக்கு வாங்கிய காரின் தவணையைக் காட்டிப் பிள்ளையின் பங்கைக் குறைக்க முடியாது என்பதில் நீதிபதி உறுதியாக இருந்தார்.

என் வருமானத்தையும் மறைக்காமல் காட்டினேன். அது நமக்கு எதிராகப் போகும் என்று சிலர் பயமுறுத்தினார்கள். தாயும் சம்பாதிக்கும்போது செலவில் அவளுக்கும் பங்கு உண்டு. 2000ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில், சம்பள விகிதத்தைப் பார்த்துத் தகப்பனுக்கு இரண்டு பங்கு, தாய்க்கு ஒரு பங்கு என்று உச்ச நீதிமன்றம் பிரித்தது. அதையே நாங்களும் முன்வைத்தோம். நான் பங்கு போடுகிறேன், அவர் பங்கை அவர் போடட்டும் என்பதுதான் எங்கள் வாதம். என் கணவரின் பட்டறை வருமானத்தைச் சேர்க்க அவர்கள் எவ்வளவோ முயன்றார்கள். மாற்றாந்தகப்பனின் வருமானத்தைக் காட்டிப் பெற்ற தகப்பன் விலக முடியாது என்று நீதிபதி அதை ஏற்கவில்லை.

2023இல் தீர்ப்பு. குறைக்கக் கேட்ட மனு தள்ளுபடி. நாங்கள் கேட்டது 9,000; கிடைத்தது 6,500, எங்கள் மனுத் தேதியிலிருந்து. கைக்குழந்தையையும் தாயையும் கணக்கில் எடுத்ததால்தான் கேட்ட முழுத்தொகை தரவில்லை என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தது. என் அம்மாவுக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை. சீராய்வுக்குப் போகலாம் என்றும் யோசனை சொன்னார்கள். உலகனேரியில் உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலையில் திறந்ததிலிருந்து தென் மாவட்டத்துக்காரர்கள் அதற்காகச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. ஆனாலும் போகவில்லை. மகளுக்கு வழக்கில்லாத சில வருடங்கள் வேண்டும் என்று நினைத்தேன்.

இனி கொடுக்கிற பக்கம். என் கணவரின் விவாகரத்து இந்து திருமணச் சட்டப்படி பரஸ்பர சம்மதத்தில் நடந்தது. மகனுக்கு மாதம் 4,000 ரூபாய் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. உங்கள் உத்தரவு எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று முதலில் பாருங்கள். இந்து திருமணச் சட்டத்தில் வந்த பிள்ளைக்கான உத்தரவை அந்தச் சட்டத்தின் 26ஆம் பிரிவின் கீழ்தான் மாற்றக் கேட்க வேண்டும். இரண்டு சட்டத்துக்கும் வழி வேறு.

எங்களுக்கு ஒரு மகன் பிறந்த அடுத்த ஆண்டு, 2022இல், பட்டறையில் வண்டி சாய்ந்து அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. தகடு வைத்தார்கள். மாதக்கணக்கில் ஸ்பானர் பிடிக்க முடியவில்லை. பட்டறையில் உதவிக்கு இருந்த பையனை வைத்துப் பஞ்சர் ஒட்டும் வருமானம்தான். அப்போது கொழுந்தனார் வந்து உட்கார்ந்து சொன்னார்: "மதினி, சோழவந்தானுக்கு இரண்டு மாதம் அனுப்பாமல் இருங்கள். கைக்குழந்தை இருக்கிறது, கை ஒடிந்திருக்கிறது, யார் என்ன கேட்கப் போகிறார்கள்?" அவர் தன் அண்ணன்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். ஆனால் சித்தப்பா நீட்டிய முத்திரைத் தாளுக்கும் இந்தப் பேச்சுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அனுப்பாமல் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். என் கணவரும் அதைத்தான் நினைத்திருந்தார். அந்த மாதத்துக்கு என் வளையலை அடகு வைத்தோம்.

பிறகு இருவருமாகச் சோழவந்தான் போய் அங்கே வளரும் மகனின் அம்மாவை நேரில் பார்த்தோம். தையல் யூனிட்டில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். நாங்கள் கொண்டுபோன மருத்துவமனைச் சீட்டுகளையும் வாங்கிப் படித்தார். "அக்கா, ஆறு மாதத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், சமாளிக்கிறேன். ஆனால் வாய்ப்பேச்சாக வேண்டாம், எழுத்தில் கொடுங்கள்" என்றார். அவர் கேட்டது ரொம்பச் சரி. ஆறு மாதம் 2,500 ரூபாய், விட்டுப்போன 1,500 கை குணமான பிறகு சிறுகச் சிறுகக் கட்டப்படும் என்று இரு தரப்பும் சேர்ந்து மனு எழுதி, நீதிமன்றத்தில் பதிவு செய்தோம். வாய்ப்பேச்சில் குறைத்திருந்தால், நாளைக்கு மனத்தாங்கல் வந்த அன்றே அந்தப் பாக்கி நிலுவையாக எழுந்து நின்றிருக்கும். அவருக்கும் ஆறு மாதம் ஆறு வருடமாக நீளுமோ என்ற பயம் இருந்திருக்கும். எழுத்தில் வந்ததால் இரண்டு வீட்டிலும் தூக்கம் கெடவில்லை.

இன்னொன்று. சோழவந்தான் பையனின் காதணி விழாவுக்கு என் கணவர் பத்தாயிரம் மொய் வைத்துச் சட்டை துணியும் எடுத்துக் கொடுத்தார். அதை இரண்டு மாதத் தொகையில் கழிக்கலாமே என்று வீட்டில் பேச்சு வந்தது. கூடாது. சீரும் மொய்யும் தீபாவளித் துணியும் தகப்பனின் ஆசைக்குச் செய்வது. உத்தரவில் உள்ள தொகையில் அதைத் தன்னிச்சையாகக் கழித்தால் அது நிலுவையாகத்தான் நிற்கும். அதேபோல, பாட்டி கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன் என்ற கதையும் வேண்டாம். நாங்கள் வங்கி வழியாக மட்டுமே அனுப்புகிறோம், குறிப்பில் மாதத்தின் பெயரைப் போட்டு.

பார்க்க விடவில்லை, அதனால் பணம் அனுப்பவில்லை என்று சொல்லும் தகப்பன்களையும், பணம் வரவில்லை, அதனால் பார்க்க விடமாட்டேன் என்று சொல்லும் தாய்மார்களையும் நிறையப் பார்க்கிறேன். இரண்டும் வேறு வேறு மனு. பணம் வராத மாதங்களிலும் என் மகளை அவளுடைய அப்பத்தா வீட்டுக்கு அனுப்பினேன். அவளுக்கு அவர்கள் வேண்டும்.

தத்து பற்றியும் சொல்ல வேண்டும். மறுமணமான புதிதில், பள்ளியில் தகப்பன் பெயர் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இருக்கிறதே, என் கணவரே மகளைத் தத்தெடுத்துவிடலாமே என்று மாமியார் அன்பாகத்தான் கேட்டார். விசாரித்தோம். பெற்ற தகப்பன் உயிரோடு இருக்கும்போது அவருடைய சம்மதம் வேண்டும். தத்து முடிந்துவிட்டால் அவருடைய ஜீவனாம்சக் கடமையும் முடிந்துவிடும். அவர் குடும்பத்தில் மகளுக்குள்ள வாரிசு உறவும் அறுந்துவிடும். சில குடும்பங்களுக்கு அதுவே நல்லது, தகப்பன் அடியோடு விலகிப்போன இடங்களில். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. தத்து எடுக்காமலேயே அவள் என் கணவரை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் ஜீவனாம்சத்திலிருந்து தப்பிக்க எதிர்த்தரப்பே தத்து யோசனையைச் சொல்லி அனுப்புவதும் உண்டு. அப்போது நிதானமாக யோசியுங்கள்.

மகள் இப்போது பிளஸ் ஒன். 2027இல் அவளுக்கு 18 முடிகிறது. 144ஆம் பிரிவில் வரும் தொகை அதோடு நின்றுவிடும். உடல், மனக் குறைபாட்டால் சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு மட்டும் தொடரும். ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, திருமணமாகாத மகள் தன்னைத் தானே பராமரிக்க இயலாத வரை தகப்பனிடம் கேட்கலாம் என்கிறது. 2020இல் உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டை விளக்கி, வயது வந்த மகளுக்கு இந்த வழி உண்டு என்று சொல்லியிருக்கிறது. அதைத் தனி மனுவாக அவளே போட வேண்டும். அதற்காகக் கட்டண ரசீதுகளைச் சேர்த்து வருகிறேன். அதற்கு முன்பே கல்லூரிச் செலவைப் பற்றிப் பேசி எழுத்தில் ஒப்புக்கொள்ள முடியுமா என்று அவள் தகப்பனாருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

சோழவந்தான் பையனுக்கு அந்தச் சட்ட வழி இல்லை. 20ஆம் பிரிவு வயது வந்த மகனைப் பற்றிப் பேசவில்லை. அவன் ஐ.டி.ஐ. படிப்பதா, கல்லூரி போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவனுடைய அம்மா காப்பாளராக அஞ்சலகத்தில் ஒரு ஆர்.டி. தொடங்கியிருக்கிறார். அதற்கு மாதம் 1,000 ரூபாயை 4,000 ரூபாயோடு சேர்க்காமல் தனியாக அனுப்புகிறோம்.